அன்னதானப் பந்தலில் வாசித்த வயல்கள்

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காபி குடித்தீர்கள். என் மனைவி சுட்ட அதிரசத்தை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் காலி செய்தீர்கள், அதில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். கிளம்பும்போது ஒரு தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "சார், வெள்ள நிவாரண வேலைல போட்டுட்டா எப்படி சார் தப்பிக்கிறது?" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது தாலுக்கா முழுக்கத் தெரிந்த சங்கதி. அப்புறம் சொல்கிறேன் என்று உங்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தானே யோசித்தேன் என்று தோன்றியது. யாராவது மேலே கை காட்டினால் கையெழுத்துப் போடுவது, யாராவது கேட்டால் மேலே கை காட்டுவது, இப்படியே ஓய்வு பெற்றுவிடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தவன்தான் நான். அப்படி ஓய்வு பெறாமல் போனதற்குச் சில பேர் காரணம். அவர்களுக்கு நான் கடன்பட்டவன். அளப்பது எப்படி, எந்தப் படிவத்தை எங்கே அனுப்புவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அங்கே சொல்லாததை நான் சொல்கிறேன். அந்தத் தம்பி கோபித்துக்கொள்ளாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து படிக்கட்டும்.

முதலில் ஒரு சின்னக் கதை. எண்பத்தொன்பதில் நம் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்டம் புதுசு, மேசை நாற்காலி எல்லாம் பழசு. நான் அப்போது ஒரு தாலுக்கா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஓரிரு வருடத்தில் ஒரு பெருமழை வந்து பயிர் போயிற்று. நிவாரணம் யார் யாருக்கு என்று பட்டியல் தயாரானது. அதைப் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும், பதினைந்து நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்பது உத்தரவு. ஒட்டினோம். அறிவிப்புப் பலகை வாசற்கதவுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. காலையில் கதவைத் திறந்து சுவரோடு சாய்த்தால் பலகை மறைந்துவிடும். சாயங்காலம் கதவைச் சாத்தும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர் வாட்ச்மேன் மட்டும். அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

இதை நாங்கள் யாரும் சதி செய்து செய்யவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். கெடு முடிந்த பிறகு ஒரு விவசாயி வந்தார். ஏற்கெனவே பலமுறை வந்து, பட்டியல் ஒட்டியிருக்கிறது பாருங்கள் என்ற பதிலோடு திரும்பிப் போனவர். இந்த முறை என்னிடம் வந்து எங்கே என்று கேட்டார். நான் எழுந்து போய்க் கதவை இழுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் பெயர் இல்லை. சத்தம் போடுவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் பதமாகத்தான் சொன்னார், "கதவ சாத்துனாத்தான் இது தெரியுது சார். கதவ சாத்திட்டா நாங்க எப்படி உள்ள வர்றது?"

அவருக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். பணம் வந்தது, அடுத்த விதைப்பு முடிந்த பிறகு. அன்று மத்தியானமே பட்டியலின் நகலை எதிர் டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். அதற்காக என் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டுவது வேறு, தெரியப்படுத்துவது வேறு என்பதை எனக்குப் புரியவைத்த அந்த மனிதருக்கு நான் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. டீக்கடை எதிரிலேயே இருந்தது.

இனி பெரிய கதைக்கு வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் வருவாய் ஆய்வாளர், ஊர்ப் பேச்சில் ஆர்.ஐ. எங்களுக்குத் தாசில்தாராக ஒரு அம்மா வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், சொன்னால் கூச்சப்படுவார். வந்த புதிதில் இவர் என்ன செய்து கிழித்துவிடப் போகிறார் என்று நாங்கள் நான்கு பேர் கேன்டீனில் பேசிக்கொண்டதும் உண்டு.

அந்த வருடம் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஏரிகள் நிரம்பி, ஓடைகள் உடைத்துக்கொண்டு, கதிர் வாங்கி நின்ற சம்பா நெல் கண்ணெதிரே போயிற்று. நிவாரணம் அறிவித்தார்கள். இந்த முறை ஒட்டினால் மட்டும் போதாது, ஊரைக் கூட்டிப் பட்டியலை வாசித்துக்காட்டி ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தாசில்தார் அம்மா எங்களைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். பேரை வாசிக்காதீர்கள், வயலை வாசியுங்கள் என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பேரை வாசித்தால் அவரவர் தன் பேருக்கு மட்டும் காது கொடுப்பார், பேர் வந்ததும் எழுந்து போய்விடுவார். சர்வே எண்ணை வாசித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஊர்க்காரர்கள் அந்த வயலை எப்படிச் சொல்வார்களோ அப்படி வாசிக்க வேண்டும். புளியமரத்து மேட்டுக்குக் கீழே, மதகை ஒட்டின முதல் துண்டு, நெல், யார் வைத்தது என்று கேட்டால் வயல்காரர் பேசுவார், பக்கத்து வயல்காரரும் கேட்டுக்கொண்டிருப்பார், வரப்புக்கு இந்தப் பக்கம் பொய் சொல்ல முடியாது என்றார்.

எங்களுக்கு வேலை ஜாஸ்தி. ஒவ்வொரு எண்ணுக்கும் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். ஆனால் முதல் கிராமத்திலேயே என் முணுமுணுப்பு நின்றுவிட்டது. வெறும் பாறையைப் பயிரென்று எழுதிக் கொடுத்திருந்த ஒரு பெரியவரின் வயலை வாசித்தபோது, கூட்டத்தில் ஒருவர், "பாறையில இன்னா நெல்லு மாமா வெச்ச?" என்று கேட்டார். ஊரே சிரித்தது. பெரியவரும் சிரித்து, அடிச்சிடு சார் அடிச்சிடு என்றார். சண்டை இல்லை, புகார் இல்லை, மொட்டைக் கடிதம் இல்லை. இத்தனை வருடமாக நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று இருந்தது எனக்கு.

இனி பச்சையம்மாள். இந்தக் கதையே அவருடையதுதான்.

அடி அண்ணாமலைப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடை கரையை உடைத்து வயல்களில் மணலைக் கொட்டியிருந்தது. அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரும் நானும் பார்வையிடப் போனோம். அவர் இளைஞர், கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் தடுமாறி நடந்தோம். ஒரு துண்டில் ஒரு பெண் தனியாக மணலைக் கூடையில் அள்ளி ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். எத்தனை கூடை கொட்டினாரோ, கொட்டின இடத்தில் ஒரு குன்று எழும்பியிருந்தது. வயலில் பாதிகூடத் தெளியவில்லை.

யாருடையது என்று கேட்டேன். எங்களுது சார் என்றார். பிறகு என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துவிட்டு, லாட்ஜ்காரருது என்று திருத்தினார்.

லாட்ஜ்காரர் டவுனில் இருப்பவர். கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்தார். நிலம் அவர் அப்பா காலத்தில் வாங்கியது. பச்சையம்மாள் அதை வாரத்துக்குப் பயிர் செய்துவந்தார். விளைந்ததில் ஆளுக்குப் பாதி. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். கிராமக் கணக்கில் லாட்ஜ்காரரே பயிர் வைத்ததாக வருடா வருடம் எழுதி வந்திருந்தார்கள். பச்சையம்மாளின் புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். கம்மலை அடகு வைத்து உரம் போட்டிருந்தார் இவர். இந்த மணலை வாரிக்கொட்டித் தை மாதத்துக்குள் நவரைப் போக நெல் நட்டால் ஏதோ பிழைப்பு ஓடும். நடாவிட்டால் நிலம் சும்மா கிடக்கும். கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் நிலம் சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று அப்போது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல் நட்டு மனை போட்டுவிடுவார்கள். லாட்ஜ்காரரிடம் ஏற்கெனவே இரண்டு பேர் வந்து விலை கேட்டுவிட்டுப் போனதாக ஊரில் பேச்சு இருந்தது.

விதிப்படி நிவாரணம் பயிர் வைத்தவருக்கு. மணலை வார ஆள் வைக்க அந்தப் பணம் போதும். உங்கள் பேரில் எழுதுகிறேன் என்றேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"வேணாம் சார். நான் சொன்னேன்னு தெரிஞ்சா அடுத்த போகம் எனக்கு இல்ல. பணம் ஒரு தபா வரும், போவும். நெலம் போச்சுன்னா போனதுதான்."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. குத்தகைக்காரர் என்று ஒரு பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறினால், நாளைக்கு உரிமை கேட்பார்களோ என்று நிலக்காரர்கள் மிரள்வார்கள். மிரண்டவர்கள் முதலில் செய்வது ஆளை மாற்றுவது. எழுதினால் நிலம் போகும். எழுதாவிட்டால் பணம் போகும், பணம் இல்லாமல் மணல் போகாது, மணல் போகாவிட்டால் நிலமும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தப் பெண்ணுக்குச் சுவர்தான். திரும்பி வரும் வழியில் கிராம நிர்வாக அலுவலர், கணக்கில் இருக்கிறபடி எழுதிவிடலாம் சார், நமக்குப் பிரச்சனை இல்லை என்றார். நமக்குப் பிரச்சனை இல்லை என்பது முழு உண்மை. அதனாலேயே அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் தாசில்தார் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

"அந்தம்மாகிட்ட இனிமே எதுவும் கேக்காதீங்க," என்றார். "மத்த வயலை எப்படி வாசிக்கிறீங்களோ அப்படியே இதையும் வாசிங்க. பக்கத்து வயக்காரங்க சொல்லட்டும். அப்ப அது ஊர் சொன்னது. ஒருத்தர் போய்ச் சொன்னதா ஆகாது."

ஊரில் யாரும் வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். கணக்கில் இருக்கும் பேரைத்தான் எழுத முடியும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது. பொய்யான தைரியம் எதையும் அவர் எனக்குத் தரவில்லை. அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். என்ன நடக்கலாம் என்று தெரிந்துதான் அந்த ஊருக்குப் போனேன்.

போன நாளைப் பற்றித்தான் நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள். மேலிருந்து வந்த சுற்றறிக்கை எல்லாக் கிராமத்துக்கும் ஒரே நாளைக் குறித்திருந்தது. தேதி பார்த்தோம், கிழமை பார்த்தோம், அரசு விடுமுறையா என்று பார்த்தோம். பௌர்ணமியா என்று ஒருவரும் பார்க்கவில்லை. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு!

அடி அண்ணாமலைப் பள்ளிக்கூட மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, நாற்காலி போட்டு, தலைமையாசிரியர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஊரைக் காணோம். மார்கழிப் பௌர்ணமி, கிரிவலத்துக்கு ஜனங்கள் வரப்போகும் நாள். காலையிலிருந்தே ஊரில் இருந்த ஆண், பெண் அத்தனை பேரும் பாதைக்குப் போய்க் கடை போட இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பௌர்ணமி வியாபாரத்தை விட்டுவிட்டு ஆர்.ஐ. வாசிப்பதைக் கேட்க யார் வருவார்கள்? நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

பட்டியல் அன்று மாலையே வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாளைக்கு மறுநாள் அங்கே காசோலை வழங்கும் விழா. தேதியை மாற்ற வழியே இல்லை. கிராம நிர்வாக அலுவலர் மெதுவாக ஆரம்பித்தார். ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று எழுதி, தலைமையாசிரியரிடமும் சத்துணவு ஆயாவிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆட்சேபணை வரவில்லைதான், ஆளே வராதபோது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு உண்மையை எழுதக் கை போனால், தயவுசெய்து எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

நான் எதிர்க் கடையில் இருந்த ஒரு ரூபாய் போனில் தாசில்தார் அம்மாவைப் பிடித்தேன். கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து வந்து பேசினார். நிலைமையைச் சொன்னேன். "ஊர் எங்க இருக்கு?" என்றார். ரோட்டில் இருக்கிறது மேடம் என்றேன். "அப்ப நீங்க ஏன் ஸ்கூல்ல நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

கோபம்தான் வந்தது முதலில். என்னைவிடச் சின்னவர் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று. பிறகு சிரிப்பு வந்தது. ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் பாதைக்கு நடந்தோம்.

கடை கடையாகப் போய் வாசிக்க முடியாது. ஊரில் பெரும்பகுதி ஒரே இடத்தில் கூடியிருப்பது எங்கே என்று கேட்டால், எல்லாரும் ஒரே திசையைத்தான் காட்டினார்கள். லாட்ஜ்காரரின் அன்னதானப் பந்தல். மாதாமாதம் பௌர்ணமிக்கு அங்கே அவர் சாம்பார் சாதம் போடுவார். காய் நறுக்க, அரிசி களைய, அடுப்பைப் பார்க்க, இலை போட என்று பாதி ஊர் அங்கேதான் இருந்தது. கூலியும் உண்டு, சாப்பாடும் உண்டு. பச்சையம்மாளும் ஒரு மூலையில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை பேரும் அன்றைய கூலியை அவர் கையால் வாங்க வேண்டியவர்கள். இவர்களிடம் போய், அவர் முன்னாலேயே, அவர் வயலில் பயிர் வைத்தது யார் என்று கேட்கப்போகிறேன். அவருக்குத் தெரியாமல் இதைச் செய்வது எனக்கு ஒப்பவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு கரண்டியும் கையுமாக நின்ற அவரிடம் போய், நிவாரணப் பட்டியலை இங்கே வாசிக்க அனுமதி கேட்டேன். உங்கள் வயலும் இதில் வருகிறது என்பதையும் சொன்னேன். அவர் பெரிய மனிதத் தோரணையில் சிரித்தார். "என் வயலு இன்னா, ஊர் வயலு இன்னா? வாசிங்க ஆர்.ஐ. சார்," என்றார். தொண்டை கட்டிக்கொள்ளப்போகிறது என்று சொல்லி, பந்தலில் அன்னதான அறிவிப்பு செய்துகொண்டிருந்த பையனிடமிருந்து மைக்கையும் வாங்கிக் கொடுத்தார்.

வாசித்தேன். ஓடைக்கரை முதல் துண்டு, நெல், யார் வைத்தது. பதில் வந்தது. அதற்குக் கீழே, கிணற்று மேட்டுத் துண்டு, நெல். பதில் வந்தது. கத்தி பலகையில் படும் சத்தத்துக்கு நடுவே ஊர் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. யாரோ ஒருவர் விட்டுப்போன ஒரு வயலைச் சொன்னார், சேர்த்துக்கொண்டேன். முன்னதாகவே கிரிவலம் கிளம்பிவிட்ட வெளியூர்க்காரர்கள் இலைத்தட்டில் சாதத்தை வைத்துக்கொண்டு, இது என்ன கூத்து என்று பார்த்தார்கள்.

அடுத்தது அந்த வயல். "ஓடை ஒடைஞ்ச எடத்துக்கு நேர் கெழக்கு, ரெண்டாவது துண்டு. நெல்லு. யார் வெச்சது?"

கத்திச் சத்தம் நின்றுவிட்டது. அடுப்பில் சாம்பார் கொதிக்கும் சத்தம் மைக்கில் கேட்டது. பச்சையம்மாள் பக்கம் பார்க்கக் கூடாது, பார்த்தால் நானே காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். லாட்ஜ்காரர் பக்கமும் பார்க்கக் கூடாது. கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்கில் இருக்கும் பேரை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடு என்று என் நாக்கு துடித்தது. மறுபடியும் அதே வயலை வாசித்தேன்.

அப்போது ஒருவர் எழுந்தார். ஏழுமலை. அந்த வயலுக்கு வடக்குப் பக்கத்து வயல்காரர், அன்றைக்குப் பந்தலில் அரிசி களைந்துகொண்டிருந்தவர். கை ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்கு வடக்கால என்துதான் சார். அந்த நெல்லு பச்சையம்மா அக்கா வெச்சது. நாத்து வுட்டதுலேர்ந்து நான் பாத்துகினுதான் இருக்கேன்."

அவ்வளவுதான் தாமதம். தெற்குப் பக்கத்துக்காரர் ஆமாம் என்றார். களை எடுக்கப் போன பெண்கள் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். பிறகு யார் யாரோ சொன்னார்கள், எனக்குக் காதில் ஏறவில்லை. லாட்ஜ்காரர் கரண்டியை அண்டாவின் மேல் வைத்துவிட்டு என்னை நோக்கி வந்தார். மைக்குக்காகக் கையை நீட்டினார். அவருடைய மைக். கொடுத்தேன்.

வெளியூர்ப் பக்தர்கள் இருபது முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். பாதி ஊர் பார்க்கிறது. அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு எதுக்கு சார் கவர்மென்ட் பணம்? அந்தம்மாதான் வெச்சாங்க. அவங்க பேர்லயே எழுதுங்க," என்றார்.

அதோடு நான் மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போயிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் பணம் ஒரு தபா வரும் போகும் என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே இருந்தது. மைக் அவர் கையில் இருக்கும்போதே கேட்டேன்.

"அப்ப நவரைக்கும் அவங்கதானே சார் நடுவாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை அந்தப் பார்வையிலேயே தெரிந்துகொண்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை ஒரு முறை பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார், "ஆமா. அவங்கதான்." ஒலிபெருக்கி மலைப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தது.

அவரை நான் மடக்கிவிட்டேன் என்று நீங்கள் சந்தோஷப்படலாம். அப்படி நினைக்காதீர்கள். மைக்கை அணைத்துவிட ஒரு நொடி போதும் அவருக்கு, பந்தல் அவருடையது. அணைக்கவில்லை. நல்ல மனதால் சொன்னாரா, நாலு பேர் பார்க்கிறார்களே என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதுதான் எனக்கு முக்கியம். கிளம்பும்போது என்னைப் பிடித்து உட்கார வைத்து இலை போட்டார். "மைக்க குடுத்து நானே மாட்டிக்கினேன் பாருங்க," என்று சிரித்தார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலைக்குள் பட்டியல் போய்ச் சேர்ந்தது. தாசில்தார் அம்மா பச்சையம்மாள் பேர் இருந்த பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். எனக்கு ஒரு டீ வரவழைத்தார், சூடாக. விழாவில் பச்சையம்மாள் காசோலை வாங்கினார். என்னைப் பார்த்ததும் தலையை லேசாக ஆட்டினார். அழுகை, கும்பிடு எதுவும் இல்லை. மணல் வார ஆள் பிடிக்க வேண்டும் சார் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

தை பிறந்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மணல் போய் அந்த வயலில் தண்ணீர் நின்றது, நடவு நடந்துகொண்டிருந்தது. பச்சையம்மாள் நாற்றுக் கட்டை வீசிக்கொண்டிருந்தார். பக்கத்து வரப்பில் ஏழுமலை. அன்றைக்கு அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேனே என்று எனக்கு உறுத்தலாகவே இருந்தது. கிட்டப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எழுந்து பேசியிராவிட்டால் எல்லாம் போயிருக்கும் ஏழுமலை, என்னோட சர்வீஸில் உன்னை மறக்க மாட்டேன் என்றேன்.

அவர் சங்கடப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னைப் போய் ஏன் சார். நீங்க ரெண்டாந்தரம் கேட்டீங்க பாருங்க, அப்பவே அக்கா கத்தியக் கீழ வெச்சிட்டு எந்திரிச்சிடுச்சி. அது வாயால சொல்லிச்சின்னா அப்பால அதுக்கு நெலம் இல்லேன்னு எனக்குத் தெரியாதா? அதான் நான் முந்திக்கினேன்."

நான் திரும்பி வயலைப் பார்த்தேன். பச்சையம்மாளுக்கு நாங்கள் பேசுவது கேட்கவில்லை. யாரோ வரிசை கோணலாக நடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தார்.

அதுவரை, நாங்கள் வாசித்த விதம்தான் அன்றைக்குக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன். வாசித்தது வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. எல்லார் காதிலும் விழுகிற இடத்தில் வாசித்ததால்தான் ஒருவரால் எழ முடிந்தது, இன்னொருவரால் முந்த முடிந்தது. ஆனால் நிலத்தையே பணயம் வைத்து எழுந்தது பச்சையம்மாள். அவருக்காக அன்றைய கூலியைப் பணயம் வைத்தது ஏழுமலை. நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எப்படித் தப்பிப்பது என்று கேட்ட தம்பி, உன்னை ஒருநாள் இந்த வேலையில் போடுவார்கள். எல்லாரும் கேட்கும்படி வாசி, வயல் வயலாக வாசி. பதில் வராத இடத்தில் அவசரப்படாதே, இன்னொரு முறை வாசி. எதிரே யாரோ ஒருவர் கத்தியைக் கீழே வைப்பார், யாரோ ஒருவர் முந்திக்கொள்வார். அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த வயலை வாசி.